இரண்டாவது கோடு

மார்கரெட்டின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குப் பத்தொன்பது வயதில் தெரிந்தது. எந்த மருத்துவரும் சொல்லவில்லை. அவளே சோதித்துக் கண்டுபிடித்தாள்.

செங்கல்பட்டில் ஆய்வகப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் ஆண்டில் ஒருநாள் செய்முறை வகுப்பு. ஒருவருக்கொருவர் ரத்தம் எடுத்துவிட்டு, அவரவர் தங்கள் ரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளிகிற நீரில் மூன்று சொட்டை ஒரு சின்ன அட்டையில் விடவேண்டும். ஹெபடைடிஸ்-பி எனும் காமாலைக் கிருமிக்கான அட்டை அது. கால் மணி நேரத்தில் ஒரு கோடு வந்தால் கிருமி இல்லை, இரண்டு வந்தால் இருக்கிறது. அந்த வகுப்பில் முப்பத்திரண்டு பேர். முப்பத்தொரு அட்டையில் ஒரு கோடுதான். மார்கரெட்டின் அட்டையில் மட்டும் இரண்டு.

அவள் அட்டையைக் கையால் மறைத்தாள். அதற்குள் ஆசிரியை பார்த்துவிட்டார். வேறொரு அட்டையை எடுத்துவந்து அவரே சொட்டு விட்டார். அதிலும் இரண்டு. பின்மேசைப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தபோது, "பாசிட்டிவ் எப்படி இருக்கும்னு நீங்க பாக்கணும்ல, அதுக்காக நான்தான் வேற சாம்பிள் வெச்சேன்" என்று சத்தமாகச் சொன்னார். வகுப்பு முடிந்ததும் மார்கரெட்டைத் தனியே அழைத்து, "உங்க வீட்ல யாருக்காவது காமாலை வந்திருக்கா?" என்று கேட்டார்.

அவளுடைய அப்பாவுக்கு வந்திருந்தது.

அப்பா பெயர் பூபாலன். மதுராந்தகம் ஏரித் தண்ணீர் பாய்கிற ஊர்களில் ஒன்றில் அவர்களுடைய வீடு. சொந்த நிலம் கிடையாது. மதுராந்தகத்து நெல் மண்டியில் மூட்டை தூக்கினார். நாற்பத்து நான்காவது வயதில் அவருக்குக் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கியது. மூலிகைச் சாறு கொடுத்தார்கள், உப்பில்லாமல் சாப்பிட்டார், மூன்று மாதத்தில் இறந்துபோனார். மார்கரெட் அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். ஈரல் கெட்டு ஒருவன் செத்தால் குடித்துச் செத்தான் என்றுதான் ஊரில் பேசுவார்கள். பூபாலன் குடித்து யாரும் பார்த்ததில்லை. "நம்மகிட்ட காட்டிக்காம தனியா குடிச்சிருக்கான்" என்று மண்டியில் கூட வேலை செய்தவர்களே சொன்னார்கள். அடக்கத்தன்று சர்ச்சுச் சபை ஊழியர் குடியின் கேட்டைப் பற்றிப் பேசினார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செய்முறை வகுப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மார்கரெட் ஊருக்குப் போனாள். அம்மாவின் கையில் ரத்தம் எடுத்து, கல்லூரிக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, அடுத்த வாரம் அந்த அட்டையையே எடுத்துவந்து காட்டினாள்.

அம்மா அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ரெண்டு கோடு கீது. அப்போ உனுக்கு என்கிட்டருந்துதான் வந்துச்சா?"

"நான் பொறக்கும்போது வந்திருக்கும்மா. உனுக்கே தெரியாது. உனுக்குக் குடுத்தவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது."

"உங்கப்பாவுக்கு?"

"இதுவாத்தான் இருக்கும். ஆனா இப்ப பாத்துச் சொல்ல முடியாது."

அம்மா அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "அவுரு குடிக்கல."

"தெரியும்மா."

"நான் சொன்னா யாரும் கேக்கல. நீ படிச்ச புள்ள. நீ ஒரு வாட்டி ஊர்ல சொல்லு."

மார்கரெட் சரி என்றாள். ஆனால் சொல்லவில்லை. அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அம்மாவைப் பற்றியும் தன்னைப் பற்றியும் சொல்லவேண்டி வரும். அதற்கு அவளுக்குத் தைரியம் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் ரத்தம் கொடுத்து ஈரலைப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்குமே கிருமி அடங்கித்தான் இருந்தது. மாத்திரைகூடத் தேவைப்படவில்லை. வெளியே யாருக்கும் எதுவும் தெரியவேண்டிய அவசியம் இல்லாமல் வருடங்கள் போயின.

தேர்வு எழுதி, மாவட்ட மருத்துவமனை ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வருடமே ஒரு சம்பந்தம் வந்தது. நிச்சயம் நடக்குமுன் மாப்பிள்ளை வீட்டுக்கே போய் மறைக்காமல் சொன்னாள். அவர்கள் வேண்டாம் என்றார்கள். அது அவளுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அவர்கள் வீட்டில் அன்று அவள் காப்பி குடித்த டம்ளரை மாப்பிள்ளையின் அம்மா கொல்லைப்பக்கம் வீசியதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அதுதான் பல வருடம் மனதில் இருந்தது. அதற்குப் பிறகு, சொல்லியே ஆகவேண்டிய இடத்தைத் தவிர, இந்தப் பேச்சையே யாரிடமும் எடுப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

அப்புறம் மோசஸ் வந்தார். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகிற வேன் ஓட்டுகிறவர், அத்தை வழியில் தூரத்து உறவு. பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள், மார்கரெட் அவரைப் பேருந்து நிலையத்துக்கு வரச்சொல்லி, நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது. "ரெண்டு நாள் டைம் குடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதுவும் போயிற்று என்றுதான் அவள் நினைத்தாள்.

மூன்றாம் நாள் மாலை அவர் மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டிருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, மேல்கையில் ஒட்டியிருந்த பஞ்சைக் காட்டினார்.

"டாக்டரப் போய்க் கேட்டேன். மூணு ஊசி போடணுமாம். ஒண்ணு போட்டுகினேன். மீதிய முடிக்க ஆறு மாசம் ஆவும். அதுக்கப்பறம் ஒரு தேதி பாக்கச் சொல்லு உங்கம்மாவ."

ஆறு மாதம் கழித்துக் கல்யாணம் நடந்தது. மார்கரெட் கர்ப்பமானபோது கிருமியின் அளவு கூடியிருந்ததால் மாத்திரை சாப்பிட்டாள். குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அதற்கு இரண்டு ஊசி போட்டார்கள். ஒன்று எல்லாக் குழந்தைக்கும் போடுகிற தடுப்பூசி. இன்னொன்று இம்யூனோகுளோபுலின், கிருமியோடு உடனே மோதுகிற எதிர்ப்புச் சக்தியை நேராக உடம்பில் ஏற்றுகிற மருந்து. மகள் ஜெனிஃபருக்கு ஒரு வயது ஆகும்போது அவள் ரத்தத்தை மார்கரெட்டேதான் சோதித்தாள். ஒரு கோடு. கால் மணி நேரம் ஆன பிறகும் இன்னொரு கால் மணி நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வேலையில் அவளைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. டெங்கு சீசனில் ஒருநாளைக்கு இருநூறு சாம்பிள் வரும். கொரோனா காலத்தில் முழு உடையைப் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நின்றிருக்கிறாள். ஒரு தனிப் பழக்கம் மட்டும் உண்டு. மதியச் சாப்பாட்டை மற்றவர்களோடு மேசையில் சாப்பிடுவாள், ஆனால் தன் டப்பாவிலிருந்து யாருக்கும் எதையும் கொடுக்கமாட்டாள். சேர்ந்து சாப்பிடுவதால் இந்தக் கிருமி பரவாது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அவளுக்கும் தெரியும். என்றாலும் அந்தக் கொல்லைப்பக்கத்து டம்ளர் அவளை விடவில்லை. மூத்த டெக்னீஷியன் ராமானுஜம், "மார்கரெட்டு கைல இருந்து ஒரு பருக்க சாதம் வாங்க முடியாதுப்பா" என்று கேலி செய்வார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கடற்கரைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து காலை வண்டியில் சாம்பிள்கள் வந்தன. அந்த வாரம் அங்கே அட்டை தீர்ந்துபோயிருந்ததால் எல்லாவற்றையும் இங்கே அனுப்பியிருந்தார்கள். பதினோராவது குழாயில் வேண்டா என்று பெயர் ஒட்டியிருந்தது. வயது இருபத்து மூன்று. அட்டையில் இரண்டு கோடு வந்தது.

கர்ப்பிணிகளின் ரத்தம் வழக்கமாக மூன்றாம் மாதமே வந்துவிடும். பாசிட்டிவ் வந்தாலும் பிரசவத்துக்குள் ஏற்பாடு செய்ய நேரம் இருக்கும். மார்கரெட் அந்தப் படிவத்தை மறுபடி படித்தாள். கீழே சின்ன எழுத்தில், 'இன்று அதிகாலை 2.50, சுகப்பிரசவம், ஆண் குழந்தை' என்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே முக்கால். குழந்தை பிறந்து ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. இம்யூனோகுளோபுலினைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிடவேண்டும். நேரம் போகப்போக அதற்கு வேலை குறையும்.

சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தாள். கிராமச் செவிலியர் வரலட்சுமி எடுத்தார்.

"வேண்டாவா? அவங்க கெளம்பிட்டாங்களே. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிக்குதுன்னு அக்காக்காரி பிடிவாதமா கூட்டினு போயிட்டா. ரெண்டு நாள் இருக்கணும்னு டாக்டர் சொல்லியும் கேக்கல. எழுதிக் கையெழுத்து வாங்கினுதான் வுட்டோம்."

"தடுப்பூசி?"

"அது காலைலயே போட்டாச்சு."

"அது போதாது வரலட்சுமி. அம்மாவுக்கு பாசிட்டிவ்."

வரலட்சுமி வேறொரு போனில் அழைத்துப் பார்த்தார். "அவங்க குடுத்த நம்பரு சுவிட்ச் ஆஃப்ல கீது. எங்ககிட்ட அந்த மருந்தும் இல்ல. நீங்கதான் தரணும்."

மார்கரெட் துறைத் தலைவர் டாக்டர் பெருந்தேவியின் அறைக்குப் போனாள். அவர் குழந்தைகள் பிரிவுக்குப் போன் போட்டுப் பேசினார். மருந்து இருந்தது. எடுத்துப்போகத்தான் ஆள் இல்லை. ஜீப் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தது.

"நான் போறேன் மேடம்" என்றாள் மார்கரெட். "ராமானுஜம் சார் என் பெஞ்ச்ச பாத்துப்பார்."

டாக்டர் பெருந்தேவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். பன்னிரண்டு வருடத்தில் மார்கரெட் தன் மேசையை விட்டு நடுவில் எழுந்துபோனதே கிடையாது. "சரி, போய்ட்டு வாங்க. அங்க இருக்கற டாக்டர்கிட்ட நான் பேசிடறேன்" என்றார்.

ஐஸ் கட்டிகளுக்கு நடுவே மருந்துக் குப்பியை வைத்த சிறு பெட்டியோடு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பேருந்தில் ஏறினாள். வெள்ளிக்கிழமைக் கூட்டம். பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை. பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றபோது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். மாமல்லபுரத்தில் வரலட்சுமி ஸ்கூட்டரோடு காத்திருந்தார். பெட்டியைச் சுகாதார நிலையத்தில் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டு, இருவரும் வேண்டாவைத் தேடிப் போனார்கள். மணி இரண்டு.

வேண்டா ஐந்து பெண்களில் கடைசி. பெற்றவர்கள் இனிப் பெண் பிள்ளையே வேண்டாம் என்று வைத்த பெயர். அவள் புருஷன் தீனதயாளன் நெல்லூர்ப் பக்கம் இறால் பண்ணையில் வேலை பார்த்தான். அவளும் அங்கேயே இருந்துவிட்டு, மாதம் நெருங்கியபோது அக்கா சகுந்தலா வீட்டுக்கு வந்திருந்தாள். வரும்போது மருத்துவச் சீட்டு எதையும் கொண்டுவரவில்லை. அதனால்தான் அவள் ரத்தத்தை அதுவரை யாரும் பார்க்கவில்லை.

மீனவர் குடியிருப்பில் மூன்றாவது வரிசையில் வீடு. வாசலில் சகுந்தலா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கோட்டு இல்லாவிட்டாலும், வருகிறவர்கள் யார் என்பது அவளுக்குத் தெரிந்துபோனது.

"காலைலதான வந்தோம். மறுபடியும் இன்னா?"

"கொழந்தைக்கு ஒரு ஊசி பாக்கி கீது" என்றார் வரலட்சுமி.

"ரெண்டு ஊசி போட்டாச்சு. வாயில சொட்டும் வுட்டாச்சு. பொறந்து அரை நாளு ஆவல, எத்தினி வாட்டி கொழந்தையக் குத்துவீங்க?"

பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். மார்கரெட் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் வேண்டாகிட்ட தனியா அஞ்சு நிமிஷம் பேசணும்."

"எனுக்குத் தெரியாம அவளுக்கு இன்னா ரகசியம்? நான் வளத்த பொண்ணு அவ."

"நான் சொன்னப்பறம் அவங்களே உங்ககிட்ட சொல்லட்டும். அவங்க ரத்தத்தப் பத்தின விஷயம். மொதல்ல அவங்களுக்குத்தான் நான் சொல்லணும்."

சகுந்தலாவின் கை கூடையிலேயே நின்றுவிட்டது. பிறகு வழிவிட்டாள். வரலட்சுமி கதவை ஒட்டி உள்ளே நின்றுகொண்டார்.

அறையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வேண்டா பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை பக்கத்தில் துணியில் சுற்றித் தூங்கியது. மார்கரெட் தரையில் உட்கார்ந்தாள். ரத்தம் என்ற சொல் காதில் விழுந்திருந்ததால், வேண்டாவே முந்திக்கொண்டு கேட்டாள்.

"எய்ட்ஸா?"

"இல்ல. அதுவும் பாத்தோம், உங்களுக்கு இல்ல. இது காமாலைக் கிருமி. ஈரல்ல இருக்கும். உங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமயே பல வருஷமா இருந்திருக்கும். பிரசவத்துல கொழந்தைக்குப் போயிருக்கலாம். போயிருந்தாலும் நெலைக்க விடாம தடுக்கலாம். காலைல போட்டது தடுப்பூசி. அது கொழந்த ஒடம்புக்குச் சண்ட போடக் கத்துக் குடுக்கும். அதுக்குக் கொஞ்ச நாள் ஆகும். இப்ப போடப்போறது, சண்ட போடற ஆளையே உள்ள அனுப்பற மாதிரி. அதனாலதான் அவசரம்."

வேண்டா குழந்தையைப் பார்க்கவில்லை. கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்டி எனுக்கு வந்துச்சுன்னு அவுரு கேப்பாரு."

"உங்கம்மாகிட்டருந்து வந்திருக்கலாம். சின்ன வயசுல ஏதாவது ஊசிலருந்து வந்திருக்கலாம். நிறைய பேருக்கு அப்படித்தான்."

"நீங்க சொல்லுவீங்க. அவுரு நம்பணுமே. ஊர்ல இன்னா பேசுவாங்க? எங்கக்கா என் கையால தண்ணி வாங்கிக் குடிக்குமா?" அவள் அழவில்லை. சோர்ந்துபோன குரலில் பேசினாள். "கவர்மெண்டு ஆளு நீங்க. வந்து சொல்லிட்டுப் போயிடுவீங்க. நான் இங்கதான் கெடக்கணும். ஊசியே வாணாம். ஒண்ணும் இல்லன்னு எங்கக்காகிட்ட சொல்லிட்டுப் போங்க."

மார்கரெட்டிடம் சொல்வதற்கு இன்னும் நிறைய இருந்தது. எத்தனை சதவீதம் பேருக்கு, எத்தனை வருடத்தில் என்றெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அதை எடுத்தால் இவள் கேட்கமாட்டாள் என்பது தெரிந்தது. குழந்தை தூக்கத்தில் கையை விரித்து மூடியது. மணி இரண்டே கால் தாண்டிவிட்டது.

"எனுக்கும் கீது" என்றாள் மார்கரெட்.

அலுவலகத்தில் அவள் பேசுகிற தமிழ் அந்த இடத்தில் போய்விட்டது. ஊர்ப் பேச்சு வந்தது.

"இதேதான். பொறந்ததுலருந்து கீது. எங்கம்மாவுக்கும் கீது. எனுக்கு இப்ப முப்பத்தஞ்சு வயசு. வேலைக்குப் போறேன், சோறாக்கறேன், எல்லாம் நல்லாத்தான் கீறேன்." போனை எடுத்துத் தேடி, ஒரு படத்தைக் காட்டினாள். பள்ளி ஆண்டு விழாவுக்கு வேஷம் போட்ட பெண் குழந்தை. "இவ என் பொண்ணு. எட்டு வயசு. இவ பொறந்தன்னிக்கு இந்த ஊசிதான் போட்டாங்க. இவளுக்கு இல்ல. ஒரு வயசுல நானே பாத்தேன்."

வேண்டா போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"உங்க வூட்டுக்காரருக்கு?"

"அவருக்கும் இல்ல. ஊசி போட்டுகினாரு."

"தெரிஞ்சேவா கட்டினாரு?"

"தெரிஞ்சேதான்."

"பாலு குடுக்கலாமா நானு?"

"தாராளமா குடு."

வேண்டா போனைத் திருப்பிக் கொடுத்தாள். குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "அக்கா, ஒரு ஆட்டோ கூப்புடு" என்றாள்.

சுகாதார நிலையத்தில் மருத்துவர் தயாராக இருந்தார். குழந்தையின் இடது தொடையில் அந்த ஊசியைப் போட்டபோது மணி மூன்று அடித்து ஏழு நிமிடம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பதினேழு நிமிடம் ஆகியிருந்தது. "பரவாயில்ல, இது நல்ல நேரம்தான்" என்றார் மருத்துவர். குழந்தை வீறிட்டு அழுது, வேண்டாவின் மடிக்குப் போனதும் அடங்கியது. சகுந்தலா மூலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டா அன்று வீட்டுக்குத் திரும்பவில்லை. இரண்டு நாள் அங்கேயே இருந்தாள், அக்காவும் கூடவே இருந்தாள்.

வரலட்சுமி மார்கரெட்டைப் பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். அவள் இறங்கும்போது கேட்டார்.

"ஊசி போட வெக்கறதுக்காகச் சொன்னீங்களா? நெஜமாவே...?"

"நெஜம்தான்."

"நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

"நீங்க சொல்லமாட்டீங்க, தெரியும்" என்றாள் மார்கரெட். பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒரு குடிசை வரிசை முழுக்க இந்நேரம் தெரிந்திருக்கலாம். சகுந்தலா கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கலாம். நாளைக்கோ மறுநாளோ ஆய்வகம் வரைக்கும் வரலாம். பதினாறு வருடம் பூட்டிவைத்ததை ஐந்து நிமிடத்தில், பெயர் மட்டுமே தெரிந்த ஒருத்தியிடம் சொல்லியாயிற்று. வீட்டுக்குப் போனதும் மோசஸிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "சொன்னது சரிதான். வேற யாராவது சொல்லி உங்க மேடத்துக்குத் தெரியறதுக்குள்ள நீயே போய்ச் சொல்லிடு" என்றார்.

திங்கட்கிழமை காலை டாக்டர் பெருந்தேவியின் அறையில் போய் நின்றாள். சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை.

"இங்க வேலை பண்றவா எல்லாருக்கும் இந்தத் தடுப்பூசி போட்ட தேதி ஒரு ரெஜிஸ்டர்ல இருக்கு" என்றார். "உங்க பேருக்கு நேரா மட்டும் காலி. எட்டு வருஷமா அதப் பாக்கறேன். நீங்களா சொல்ற வரைக்கும் நான் கேக்கக்கூடாதுன்னு இருந்தேன். உங்க வேலைக்கு இதால ஒரு தடையும் கெடையாது. ஒழுங்கா செக்கப் பண்ணிக்கறேளா?"

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவ மேடம்."

"நல்லது. இந்த வருஷத்துலேர்ந்து இங்கயே பண்ணிக்கோங்கோ. வெளியில போயி ஒளிஞ்சு குடுக்க வேண்டாம்."

மற்றவர்களிடமும் அவளே சொன்னாள். பெரும்பாலானவர்கள் இயல்பாகத்தான் எடுத்துக்கொண்டார்கள், அல்லது அப்படிக் காட்டிக்கொண்டார்கள். ராமானுஜம் மட்டும் மறுநாளிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்டோர் அறைக்குப் போய்ச் சாப்பிட்டார். முப்பது வருடம் இந்தக் கிருமியைச் சோதித்துச் சோதித்துச் சீட்டு எழுதியவர். காரணம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறும்வரை மேசைக்குத் திரும்பவே இல்லை. பிரிவு விழாவில் மார்கரெட்டைத் தனியே பார்த்து, "ஒன்னும் மனசுல வெச்சிக்காதம்மா" என்றார். "சரிங்க சார்" என்றாள் அவள். அதற்குமேல் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

ஊரிலும் சொல்லியாக வேண்டியிருந்தது. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குப் போயிருந்தபோது, மண்டியில் அப்பாவோடு வேலை செய்த இரண்டு பேர் அங்கே மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மார்கரெட் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள். கல்லறைக்குப் பக்கத்திலேயே நின்று, தனக்கும் அம்மாவுக்கும் இருப்பதையும், அப்பாவுக்கு என்ன இருந்திருக்கும் என்பதையும் சொன்னாள். அவர்களில் மூத்தவர் மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "நாங்க அப்டிப் பேசியிருக்கக் கூடாது, அண்ணி" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கல்லறை மேல் கிடந்த சருகுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு வெகுநாளைக்கப்புறம் மீன் குழம்பு வைத்தாள், பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள்.

தீனதயாளன் நெல்லூரிலிருந்து வந்து முதலில் சத்தம்தான் போட்டான். வேண்டா அவனை மார்கரெட்டிடம் அழைத்துவந்தாள். அவன் ரத்தத்தில் கிருமி இல்லை. அவனுக்கும் மூன்று ஊசி ஏற்பாடானது. இரண்டாவது ஊசிக்குத் தானாகவே வந்தான். மூன்றாவதற்கு நினைவுபடுத்தவேண்டியிருந்தது.

மறு வருடம் ஆடி மாதம், பதினொரு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேண்டா வந்தாள். மார்கரெட்டே ரத்தம் எடுத்தாள். அன்று அட்டையில் பார்ப்பதோடு விடாமல், பெரிய கருவியிலும் ஒருமுறை போட்டுப் பார்த்தார்கள். கிருமி இல்லை. எதிர்ப்புச் சக்தி வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது. சொன்னபோது வேண்டா சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. "அப்போ முடிஞ்சுதா?" என்றாள்.

"இவனுக்கு முடிஞ்சுது. நீ மட்டும் ஆறு மாசத்துக்கு ஒரு வாட்டி வரணும்."

"வர்றேன்." போகாமல் நின்றாள். "எங்கம்மாகிட்டருந்து வந்திருக்கலாம்னு அன்னிக்குச் சொன்னீங்கல்ல? அப்டின்னா எங்கக்காங்களுக்கு?"

"இருக்கலாம். பாத்தாதான் தெரியும். அவங்கள வரச்சொல்ல முடியுமா?"

"சொல்லிப் பாத்தேன். மூணு பேரும் வாணாம்னுட்டாங்க. தெரிஞ்சி இன்னா ஆவப்போவுதுன்றாங்க."

"சகுந்தலா?"

"அதுதான் ஒண்ணுமே சொல்லல."

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஆய்வக வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. முதலில் சகுந்தலா இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மற்ற மூன்று அக்காக்களும், அவர்களுடைய ஏழு பிள்ளைகளும் இறங்கினார்கள். ஒருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது பெரிய சண்டை நடந்திருக்கிறது என்பது பார்த்தாலே தெரிந்தது.

"கூட்டினு வந்துட்டேன்" என்றாள் சகுந்தலா. "யாருகிட்ட மொதல்ல எடுக்கணும்? எனுக்கே எடுங்க. இவளுங்க பாக்கட்டும்."

நாற்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு, இடது கையை நீட்டினாள். மார்கரெட் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்தாள். வரிசையில் நின்ற பிள்ளைகள் ஊசியைக் கண்டு பின்வாங்கினார்கள். "ஒண்ணும் பண்ணாதுடா, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று சகுந்தலா அவர்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

அன்று பதினொரு பேருக்கு ரத்தம் எடுத்தார்கள். இரண்டு பேருக்குக் கிருமி இருந்தது. ஒருத்தி இரண்டாவது அக்கா. அவளுக்கு ஈரலில் ஆரம்பக் கோளாறு தெரிந்ததால் அந்த மாதமே மாத்திரை தொடங்கினார்கள். இன்னொருத்தி அவளுடைய பதிமூன்று வயது மகள். அந்தப் பெண்ணுக்கு ஈரல் நன்றாகத்தான் இருந்தது. மீதி ஒன்பது பேருக்கும் தடுப்பூசி போட வரலட்சுமி தேதி குறித்துக் கொடுத்தார்.